அயர்லாந்தின் ஹர்லிங் பருவத்தை முதல் சுற்றிலிருந்தே பின்தொடர்வது எப்படி

மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்தின் மரபு விளையாட்டான ஹர்லிங்கைப் புதிதாகப் பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் ஜூலை மாதம் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் நடக்கும் இறுதிப்போட்டியைத்தான் தங்கள் முதல் ஆட்டமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 82,300 பேர் அமரக்கூடிய அரங்கமும், இரண்டு கவுண்டிகளின் (அயர்லாந்தின் மாவட்டங்களின்) நிறங்களால் நிறைந்த இருக்கைகளும், தலைக்கு மேலே சீறிப் பாயும் பந்தும் யாரையும் கவரக்கூடியவைதான். ஆனால் அந்த இரண்டு அணிகளும் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தன, வழியில் யாரிடம் தோற்றன, யாரை வீட்டுக்கு அனுப்பின என்பது தெரியாதவருக்கு அது வேகமான ஓர் ஆட்டம் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. ஆகவே இறுதிப்போட்டியிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் யோசனை. ஏப்ரலில் தொடங்கும் மாகாணச் சுற்றுகளிலிருந்து, ஒரே ஒரு கவுண்டியை மனத்தில் இருத்திக்கொண்டு, வாரம் ஓர் ஆட்டமாகப் பார்த்து வந்தால், மூன்றே மாதங்களில் இந்த விளையாட்டு முழுமையாகப் பிடிபட்டுவிடும்.

ஆட்டத்தைப் புரிந்துகொள்ளப் போதுமான விதிகள்

விதிப்புத்தகம் முழுவதையும் படித்துவிட்டு ஆட்டத்துக்கு வர வேண்டியதில்லை. ஓர் அணிக்கு 15 பேர் ஆடுகிறார்கள். மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளமும் 80 முதல் 90 மீட்டர் அகலமும் உடையது. கால்பந்து மைதானத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதன் அகலமும் நீளமும் முதலில் வியப்பளிக்கும். இரு முனைகளிலும் ஹெச் எழுத்தின் வடிவில் கம்பங்கள் நிற்கின்றன. குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் பந்து சென்றால் அது கோல். குறுக்குக் கம்பிக்கு மேலே இரு கம்பங்களுக்கிடையே சென்றால் அது பாயின்ட். ஒரு கோல் மூன்று பாயின்ட்டுகளுக்குச் சமம். கோலுக்குக் கோல் நடுவர் பச்சைக் கொடியையும், பாயின்ட்டுக்கு வெள்ளைக் கொடியையும் அசைப்பார். அகில அயர்லாந்து அளவிலான மூத்தோர் (வயதுவந்தோருக்கான முதல்நிலை) ஆட்டம் 35 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக நடக்கிறது.

வீரர்கள் கையில் வைத்திருக்கும் மட்டைக்கு ஹர்லி என்று பெயர். அது மரபாக ஆஷ் மரத்தில் செய்யப்படுவது. அம்மரங்களை அழிக்கும் பூஞ்சை நோய் ஐரோப்பாவெங்கும் பரவியதால் அண்மைக் காலமாக மூங்கிலிலும் செயற்கைப் பொருள்களிலும் செய்த மட்டைகளையும் பார்க்க முடிகிறது. பந்துக்கு ஸ்லிட்டர் என்று பெயர். 110 முதல் 120 கிராம் எடையுள்ள அது, மேலே எடுப்பான தையல் விளிம்புகளைக் கொண்டது. தலைக்கவசம் 2010 முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயம்.

பந்தைக் கையாள்வது பற்றிய விதிகள்தான் பார்வையாளருக்கு முக்கியமானவை. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் நேரடியாக எடுக்கக் கூடாது. மட்டையால் தூக்கித்தான் கைக்குக் கொண்டுவர வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிகளுக்கு மேல் ஓடக் கூடாது. அதற்கு மேல் ஓட வேண்டுமானால் பந்தை மட்டையின் தட்டையான முனையில் ஏந்தியபடியோ தட்டியபடியோ ஓட வேண்டும். அவ்வாறு ஓடும்போது மறுபடியும் கையில் பிடிக்கலாம். ஆனால் பந்து தன் வசம் வந்த பிறகு, அதை விடுவிக்கும்வரை, ஒரு வீரர் இரண்டு முறைக்கு மேல் அதைக் கையில் எடுக்க முடியாது. இந்த ஒரு விதி தெரிந்தால், ஓடிக்கொண்டிருக்கும் வீரர் ஏன் சட்டென்று பந்தை விடுவிக்கிறார், எதிரணியினர் ஏன் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து அவரைச் சூழ்கிறார்கள் என்பது தெளிவாகிவிடும்.

பாதுகாக்கும் அணியினர் மீது பட்டுப் பந்து கோல் எல்லைக்கோட்டைத் தாண்டினால், எதிரணிக்கு 65 மீட்டர் கோட்டிலிருந்து இலவச அடி கிடைக்கும். வர்ணனையாளர்கள் அதை வெறுமனே அறுபத்தைந்து என்றே சொல்வார்கள். பெனால்டி 20 மீட்டர் கோட்டிலிருந்து அடிக்கப்படுகிறது, கோல்கீப்பர் மட்டுமே தடுப்பார். 2025 முதல், அயர்லாந்தின் மற்றொரு மரபு விளையாட்டான கேலிக் கால்பந்தில் தொலைவிலிருந்து அடிக்கும் பாயின்ட்டுக்கு இரண்டு மதிப்பு என்ற விதி வந்துள்ளது. அது ஹர்லிங்குக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும், ஏனெனில் இரண்டு விளையாட்டுகளும் ஒரே மைதானத்தில், ஒரே நாளில் அடுத்தடுத்து நடப்பதுண்டு.

ஸ்கோரை வாசிப்பது

ஹர்லிங் ஸ்கோர் 3-27 என்பது போல எழுதப்படும். கோட்டுக்கு இடப்பக்கம் கோல்கள், வலப்பக்கம் பாயின்ட்டுகள். மூன்று கோல்களை ஒன்பதாக மாற்றி இருபத்தேழுடன் கூட்டினால் 36 வரும். 1-18 என்றால் 21. இந்த இரண்டும் 2025 இறுதிப்போட்டியில் திப்பரரி, கார்க் ஆகிய கவுண்டிகள் எடுத்த ஸ்கோர்கள்; திப்பரரி 15 பாயின்ட் வித்தியாசத்தில் வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு இறுதிப்போட்டியில் கிளேர் 3-29, கார்க் 1-34. கார்க் ஐந்து பாயின்ட்டுகள் அதிகம் அடித்தும், கிளேர் இரண்டு கோல்கள் அதிகம் அடித்ததால், கூடுதல் நேரத்துக்குப் பிறகு 38க்கு 37 என்று கிளேர் வென்றது.

ஆட்டம் பார்க்கும்போது ஒரு தாளில் ஸ்கோரை நீங்களே குறித்து வருவது நல்ல பழக்கம். ஒரு நிமிடத்துக்குள் இரு முனைகளிலும் பாயின்ட் விழக்கூடிய விளையாட்டு இது. பார்வை ஒரு கணம் விலகினால் கணக்கு தவறிவிடும். மைதானத்தின் ஸ்கோர் பலகைகூடத் தவறியதுண்டு: 2025 அரையிறுதியில் கில்கெனிக்கு ஒரு பாயின்ட் கூடுதலாகப் பலகையில் சேர்ந்துவிட, ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் முழுவதும் அந்தத் தவறான எண்ணின் கீழேயே நடந்தன. உண்மையான ஸ்கோர் திப்பரரி 4-20, கில்கெனி 0-30. இரண்டு பாயின்ட் பின்தங்கிய அணி எப்படி ஆடும், ஒரு பாயின்ட் பின்தங்கிய அணி எப்படி ஆடும் என்பதற்கு இடையிலுள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு அது சிறிய விஷயமல்ல. குறித்து வரும்போது, திறந்த ஆட்டத்தில் வந்த பாயின்ட் எது, இலவச அடியில் வந்த பாயின்ட் எது என்று பிரித்துக் குறியுங்கள். இலவச அடிகளால் மட்டுமே தாக்குப்பிடித்து நிற்கும் அணியை அந்தத் தாள் உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆண்டின் ஓட்டம்

2022 முதல் ஆண்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஜனவரி இறுதியிலிருந்து ஜூலை வரை கவுண்டி அணிகளின் காலம். அதன் பிறகு வீரர்கள் தங்கள் ஊர் கிளப்புகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பல தலைமுறைகளாகச் செப்டம்பர் முதல் ஞாயிறு அன்று நடந்துவந்த இறுதிப்போட்டி இப்போது ஜூலையில் நடப்பதற்கு இதுவே காரணம்.

கவுண்டிக் காலத்தின் முதல் பகுதி லீக். குளிர்காலத்து ஈர மைதானங்களில் நடக்கும் இந்தப் போட்டியில் மேலாளர்கள் புதியவர்களைச் சோதிப்பார்கள், மூத்தவர்களுக்கு ஓய்வளிப்பார்கள். லீக்கைப் பார்க்கலாம், பெயர்களையும் முகங்களையும் பழகிக்கொள்ளலாம்; ஆனால் அதன் முடிவுகளை வைத்துக் கோடையைக் கணிக்க வேண்டாம்.

உண்மையான பருவம் என்பது ஏப்ரல் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கும் அகில அயர்லாந்து மூத்தோர் சாம்பியன்ஷிப்தான். 1887ஆம் ஆண்டுக்கான முதல் போட்டியைத் திப்பரரி வென்றது. வெல்பவர்களுக்கு வழங்கப்படும் லியம் மெக்கார்த்தி கோப்பையை 1921ஆம் ஆண்டுக்கான போட்டியில் முதலில் பெற்றது லிமெரிக். போட்டியை நடத்துவது 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் நகரில் நிறுவப்பட்ட கேலிக் தடகளச் சங்கம். இன்றுவரை இதில் ஆடுபவர்கள் யாரும் ஊதியம் பெறும் தொழில்முறை வீரர்கள் அல்ல. ஆசிரியர்களாகவும், விவசாயிகளாகவும், மாணவர்களாகவும் இருப்பவர்கள் மாலைகளில் பயிற்சி செய்துவிட்டு, ஞாயிறன்று நாற்பதாயிரம் பேர் முன்னிலையில் ஆடுகிறார்கள். வீரர்களை விலைக்கு வாங்கும் சந்தை கிடையாது. தன் கிளப் எந்தக் கவுண்டியில் உள்ளதோ அந்தக் கவுண்டிக்கே ஒருவர் ஆடுகிறார். ஓர் அணியில் கோல்கீப்பர் சரியில்லை என்றால் அந்தக் கவுண்டியின் பள்ளிகளிலும் கிளப்புகளிலும்தான் அடுத்தவரைத் தேட வேண்டும். அணிகளின் ஏற்றமும் இறக்கமும் பத்தாண்டுகள், இருபதாண்டுகள் என நீள்வது இதனால்தான்.

இரண்டு மாகாணங்கள், ஒரு கோப்பை

2018ல் கொண்டுவரப்பட்ட அமைப்பே இப்போதைய பருவத்தின் எலும்புக்கூடு. விதிகளைச் சங்கத்தின் ஆண்டு மாநாடு மாற்றக்கூடும் என்பதால், ஒவ்வொரு பருவத்துக்கும் முன் அந்த ஆண்டின் அட்டவணையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. கீழே சொல்வது 2025 பருவம் நடந்த முறை.

மன்ஸ்டர் மாகாணத்தில் கார்க், கிளேர், லிமெரிக், திப்பரரி, வாட்டர்ஃபோர்ட் ஆகிய ஐந்து அணிகள். ஒவ்வொன்றும் மற்ற நான்குடனும் ஒரு முறை மோதும்: சொந்த மண்ணில் இரண்டு ஆட்டங்கள், வெளியே இரண்டு. லென்ஸ்டர் மாகாணத்தில் ஆறு அணிகள், ஆளுக்கு ஐந்து ஆட்டங்கள். 2025ல் அங்கே கில்கெனி, கால்வே, டப்ளின், வெக்ஸ்ஃபோர்ட், ஆஃபலி, ஆன்ட்ரிம் ஆகியவை ஆடின. வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு மேற்குக் கரையிலுள்ள கால்வேயும் வடகிழக்கு முனையிலுள்ள ஆன்ட்ரிமும் கிழக்கு மாகாணத்தில் ஆடுவது விந்தையாகத் தோன்றலாம். தங்கள் மாகாணங்களில் அந்தத் தரத்தில் போதிய எதிரணிகள் இல்லாததால்தான் அவை அங்கே சேர்க்கப்பட்டன. கால்வே 2009 முதல் லென்ஸ்டரில் ஆடிவருகிறது.

வெற்றிக்கு இரண்டு புள்ளிகள், சமநிலைக்கு ஒன்று. இரண்டு அணிகள் சமப் புள்ளிகளில் நின்றால் அவற்றுக்கிடையே நடந்த ஆட்டத்தின் முடிவு பார்க்கப்படும். மூன்று அணிகள் சமமாக நின்றால் மொத்த ஸ்கோர் வித்தியாசம் பார்க்கப்படும். தோல்வி உறுதியான பின்னும் ஓர் அணி கடைசிவரை பாயின்ட்டுகளுக்காகப் போராடுவதற்கு இதுவே காரணம். பதினைந்து பாயின்ட் தோல்வியைப் பத்தாகக் குறைத்தால், ஒரு மாதம் கழித்து அந்த ஐந்து பாயின்ட்டுகள் ஓர் இடத்தையே தீர்மானிக்கலாம்.

ஒவ்வொரு மாகாணத்திலும் முதல் இரண்டு இடம் பெறும் அணிகள் மாகாண இறுதிப்போட்டியில் மோதும். அதில் வெல்பவர் நேராக அகில அயர்லாந்து அரையிறுதிக்குச் செல்வார். தோற்பவர் காலிறுதிக்குச் செல்வார். மூன்றாம் இடம் பெற்ற அணி காலிறுதிக்கு முந்தைய தகுதி ஆட்டத்தில் ஆட வேண்டும். அங்கே எதிரில் வருவது இரண்டாம் அடுக்குப் போட்டியான ஜோ மெக்டோனா கோப்பையின் இறுதிப்போட்டிக்கு வந்த அணி. அந்தக் கோப்பையை வெல்லும் அணி அடுத்த ஆண்டு மேல் அடுக்குக்கு உயரும். லென்ஸ்டரில் கடைசி இடம் பெறும் அணி கீழிறங்கும். 2025ல் கில்டேர் அதை வென்று உயர்ந்தது, ஆன்ட்ரிம் இறங்கியது. மன்ஸ்டரின் ஐந்து அணிகளுக்கு இந்த அச்சம் கிட்டத்தட்ட இல்லை. கெரி அந்தக் கோப்பையை வென்றால் மட்டுமே கேள்வி எழும்.

இரண்டு மாகாணங்களில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், தயங்காமல் மன்ஸ்டர் என்பேன். ஐந்து அணிகளும் வெல்லும் வலிமை உடையவை, மூன்றுக்கே இடம் உண்டு, நான்கே ஆட்டங்கள். 2024ல் கோப்பையை வென்ற கிளேர், 2025ல் மே மாதம் முடிவதற்குள் மாகாணச் சுற்றிலேயே வெளியேறியது. நடப்புச் சாம்பியன் ஐந்தே வாரங்களில் காணாமல் போகக்கூடிய போட்டி என்பதால், இங்கே முக்கியமில்லாத ஆட்டம் என்று ஒன்று கிடையாது. லென்ஸ்டரில் கில்கெனியின் ஆதிக்கம் நீண்ட காலமாகத் தொடர்கிறது. 2025ல் அது தொடர்ந்து ஆறாவது முறையாக மாகாணப் பட்டத்தை வென்றது. அங்கே மூன்றாம் இடத்துக்கான போட்டியும், கடைசி இடத்தைத் தவிர்ப்பதற்கான போராட்டமும்தான் பல ஆண்டுகளில் சுவையானவை.

எந்தக் கவுண்டியைத் தேர்ந்தெடுப்பது

பிறப்பால் வரும் பற்று நமக்கு இல்லாததால், காரணம் சொல்லித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. கறுப்பும் மஞ்சளும் அணியும் கில்கெனி 36 பட்டங்களுடன் முதலிடத்தில் நிற்கிறது. அதில் 11 பட்டங்கள் 1999 முதல் 2022 வரை மேலாளராக இருந்த பிரையன் கோடியின் காலத்தில் வந்தவை. பச்சை உடை அணியும் லிமெரிக் 1973க்குப் பிறகு 45 ஆண்டுகள் காத்திருந்து 2018ல் வென்றது. பின்னர் 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு முறை வென்று தற்கால ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றியது. சிவப்பு உடை அணியும் கார்க் 30 பட்டங்கள் பெற்றும் 2005க்குப் பிறகு ஒன்றும் வெல்லவில்லை; 2006, 2013, 2021, 2024, 2025 என ஐந்து இறுதிப்போட்டிகளில் தோற்றிருக்கிறது. அதன் ஆதரவாளர்களின் ஏக்கத்தையும் ஆரவாரத்தையும் தொலைக்காட்சியில் கேட்டாலே உணர முடியும்.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இடைப்பட்ட நிலையிலுள்ள அணியை: திப்பரரி, கிளேர், கால்வே, டப்ளின் போன்றவற்றில் ஒன்றை. எல்லா ஆண்டும் வெல்லும் அணியைப் பிடித்தால் மே மாத ஆட்டங்களின் பதற்றம் உங்களுக்குப் புரியாது. வாட்டர்ஃபோர்டைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெரிய மனம் வேண்டும்: அதன் கடைசிப் பட்டம் 1959ல் வந்தது, ஒவ்வோர் அணியும் மற்றவற்றுடன் மோதும் மாகாணச் சுழல்முறை தொடங்கிய 2018 முதல் 2025 வரை அந்த முறையில் ஒருமுறைகூட அது முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை. ஆனாலும் வால்ஷ் பார்க்கில் அதன் சொந்த ஆட்டங்களைத் தவறவிடாதீர்கள். அங்கே எளிதாக வென்று சென்றவர்கள் குறைவு.

முடிந்துபோன ஒரு பருவத்தை வைத்துப் பழகுவது

வரும் பருவம் தொடங்குமுன், 2025 பருவத்தைத் திப்பரரியின் வழியாக ஒருமுறை தொடர்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்வேன். அமைப்பு முழுவதும் எப்படி இயங்குகிறது என்பதை அதைவிட நன்றாக விளக்கும் பாடம் எனக்குத் தெரியவில்லை.

2024ல் திப்பரரி மன்ஸ்டரில் கடைசி இடம் பெற்றிருந்தது. மேலாளர் லியம் கேஹில் மீது கவுண்டியில் அதிருப்தி நிலவியது. 2025 ஏப்ரல் 6 அன்று லீக் இறுதிப்போட்டியில் கார்க் அவர்களை 3-24க்கு 0-23 என்று வென்றது. மாகாணச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தர்லஸில் லிமெரிக்குடன் சமநிலை. அடுத்த வாரம், ஏப்ரல் 27 அன்று, கார்க்கின் பார்க் ஈ க்வீவ் மைதானத்தில், ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்து வீசப்படுமுன்பே எதிரணி வீரரை மட்டையால் தாக்கியதற்காக 19 வயது தாரா மெக்கார்த்தி சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். 70 நிமிடங்களும் 14 பேருடன் ஆடிய திப்பரரி 0-24க்கு 4-27 என்று, அதாவது 15 பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றது.

இந்த இடத்தில் நிறுத்திக் கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி, மிக மோசமான ஸ்கோர் வித்தியாசம். ஆனால் மீதி இரண்டு ஆட்டங்களில் கிளேரையும் வாட்டர்ஃபோர்டையும் வென்றதால் ஐந்து புள்ளிகள் கிடைத்தன. லிமெரிக், கார்க், திப்பரரி மூன்றும் அதே ஐந்து புள்ளிகளில் முடித்தன. ஸ்கோர் வித்தியாசம் திப்பரரியை மூன்றாம் இடத்தில் வைத்தது. ஆகவே அவர்கள் நீண்ட பாதையில் செல்ல வேண்டியிருந்தது: தகுதி ஆட்டத்தில் லீஷ், காலிறுதியில் கால்வே, அரையிறுதியில் கில்கெனி.

இதே காலத்தில் மறுபுறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். மே 18 அன்று லிமெரிக் தன் சொந்த மைதானத்தில் கார்க்கை 3-26க்கு 1-16 என்று நொறுக்கியது. மூன்றே வாரங்களில், ஜூன் 7 அன்று, அதே மைதானத்தில் நடந்த மன்ஸ்டர் இறுதிப்போட்டியில் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் சமநிலை நீடிக்க, பெனால்டிகளில் கார்க் வென்றது. தோற்ற லிமெரிக் காலிறுதியில் டப்ளினைச் சந்தித்தது. லென்ஸ்டரில் மூன்றாம் இடம் பெற்ற டப்ளின், முதல் பாதியிலேயே தன் கேப்டனைச் சிவப்பு அட்டைக்கு இழந்தும், 2-24க்கு 0-28 என்று வென்று எல்லோரையும் திகைக்க வைத்தது. அரையிறுதியில் கார்க் அந்த டப்ளினை 7-26க்கு 2-21 என்று வென்றது. ஆக, அந்த ஆண்டு இரண்டு அரையிறுதிகளிலும் மாகாணத்தில் மூன்றாம் இடம் பெற்ற ஓர் அணி இருந்தது. மூன்றாம் இடம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஜூலை 20 அன்று இறுதிப்போட்டி. இடைவேளையில் கார்க் 1-16, திப்பரரி 0-13. ஆறு பாயின்ட் முன்னிலை. இரண்டாம் பாதியில் திப்பரரி 3-14 எடுத்தது. கார்க் எடுத்தது இரண்டே பாயின்ட்டுகள். திப்பரரியின் கோல்கீப்பர் ரீஸ் ஷெல்லி ஒரு பெனால்டியைத் தடுத்ததோடு தானே ஒரு பாயின்ட்டும் அடித்தார். ஏப்ரலில் ஆட்டம் தொடங்குமுன்பே வெளியேற்றப்பட்டு, கில்கெனிக்கு எதிரான அரையிறுதியிலும் வெளியேற்றப்பட்டிருந்த தாரா மெக்கார்த்தி, இறுதிப்போட்டியில் 1-13 அடித்தார். வித்தியாசம் 15 பாயின்ட். ஏப்ரலில் கார்க் வென்ற அதே வித்தியாசம். இறுதிப்போட்டியை மட்டும் பார்த்தவருக்கு அந்த இளைஞர் நன்றாக ஆடிய ஒருவர். ஏப்ரலிலிருந்து பார்த்தவருக்கு அந்த ஒவ்வொரு அடியின் எடையும் வேறு.

ஆட்டத்தின்போது எங்கே பார்ப்பது

முதல் சில ஆட்டங்களில் கண் பந்தையே துரத்தும், அது இயல்பு. பழகியதும், கோல்கீப்பர் பந்தை அடித்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் கணத்தில் கவனத்தைக் குவியுங்கள். அதை பக்-அவுட் என்பார்கள். ஒவ்வொரு பாயின்ட்டுக்குப் பின்னும், ஒவ்வொரு தவறிய அடிக்குப் பின்னும் இது நடக்கிறது என்பதால், ஓர் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் சேர்த்துப் பல பத்துகளாக இந்த வாய்ப்புகள் வரும். கோல்கீப்பர் அருகிலுள்ள பாதுகாப்பு வீரருக்குச் சிறிதாக அடிக்கிறாரா, நடுக்களத்தைத் தாண்டி எதிரணியின் பாதிக்குள் நீளமாக அடிக்கிறாரா, அந்த நீள அடிகளில் எத்தனை தன் அணிக்குக் கிடைக்கின்றன என்று எண்ணுங்கள். ஓர் அணி தன் பக்-அவுட்டுகளைத் தொடர்ந்து இழக்கத் தொடங்கினால், ஸ்கோர் பலகை மாறுவதற்குப் பத்து நிமிடங்கள் முன்பே ஆட்டம் மாறிவிட்டது என்று பொருள்.

அடுத்து, சட்டை எண்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 1 கோல்கீப்பர், 2, 3, 4 கடைசிப் பாதுகாப்பு வரிசை, 5, 6, 7 அதற்கு முன்வரிசை, 8, 9 நடுக்களம், 10, 11, 12 தாக்குதலின் பின்வரிசை, 13, 14, 15 கோலுக்கு அருகிலுள்ள வரிசை. 6ஆம் எண்ணுக்கும் 11ஆம் எண்ணுக்கும் இடையே நடக்கும் மோதலே பல ஆட்டங்களின் மையம். 11ஆம் எண் வீரர் பின்வாங்கி நடுக்களத்துக்கு வந்தால், 6ஆம் எண் அவரைத் தொடர்ந்து செல்வதா, தன் இடத்தைக் காப்பதா என்ற முடிவு அந்தப் பாதுகாப்பின் தன்மையையே காட்டும். அறிவிக்கப்பட்ட அணியில் கடைசி நேரத்தில் மாற்றங்கள் வருவது வழக்கம் என்பதால், ஆட்டம் தொடங்கியவுடன் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி 15 நிமிடங்களில் மாற்று வீரர்களைக் கவனியுங்கள். ஐந்து மாற்றங்களுக்கு அனுமதி உண்டு. வெயிலில் ஓடிக் களைத்த பாதுகாப்புக்கு எதிராகப் புதிய கால்களுடன் வரும் தாக்குதல் வீரர்கள் பல ஆட்டங்களைத் திருப்பியிருக்கிறார்கள். கோல் வாய்ப்பைத் தடுக்க வேண்டுமென்றே வீரரைக் கீழே இழுத்தால் பெனால்டியும், பத்து நிமிட வெளியேற்றமும் உண்டு என்ற விதி 2021 முதல் இருப்பதால், முன்னிலையில் உள்ள அணியும் கடைசிவரை நிம்மதியாக இருக்க முடியாது.

எங்கே, எப்போது பார்ப்பது

அயர்லாந்துக்குள் ஆர்.டி.இ. தொலைக்காட்சி முக்கிய ஆட்டங்களை ஒளிபரப்புகிறது. 1979 முதல் நடந்துவரும் அதன் ஞாயிறு இரவு நிகழ்ச்சி அன்றைய எல்லா ஆட்டங்களின் சுருக்கத்தையும் முன்னாள் வீரர்களின் அலசலையும் தருகிறது. வெளிநாடுகளில் இருப்பவர்களுக்குச் சங்கத்தின் இணைய ஒளிபரப்புச் சேவையான ஜி.ஏ.ஏ. பிளஸ் வழி உண்டு. ஆட்டங்கள் பெரும்பாலும் சனி மாலையிலும் ஞாயிறு பிற்பகலிலும் நடக்கின்றன. அயர்லாந்தின் கோடைக்கால நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

நேரில் செல்லும் வாய்ப்பு கிடைத்தால், குரோக் பார்க்குக்கு முன் தர்லஸின் செம்பிள் மைதானத்துக்குச் செல்லுங்கள் என்பேன். சிறிய சந்தை நகரம் அது. ஆட்ட நாளில் சதுக்கத்திலிருந்து மைதானம் வரை இரு கவுண்டிகளின் மக்களும் ஒரே தெருவில் கலந்து நடப்பார்கள், எதிரணி ஆதரவாளர்களுக்குத் தனிப்பகுதி என்று எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. மன்ஸ்டர் ஆட்டங்களின் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

இறுதிப்போட்டி முடிந்த சில வாரங்களில் கவுண்டிகளுக்குள் கிளப் போட்டிகள் சூடுபிடிக்கும். ஒரே கவுண்டிச் சட்டையில் சேர்ந்து ஆடியவர்கள் அங்கே எதிரெதிரே நிற்பார்கள். நீங்கள் பின்தொடர்ந்த கவுண்டியின் கிளப் இறுதிப்போட்டியை இலையுதிர்காலத்தில் தேடிப் பாருங்கள். அடுத்த ஜனவரியில் லீக் அணி அறிவிக்கப்படும்போது, புதிய பெயர்களில் சில உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவையாக இருக்கும்.